கற்பனை நகரங்கள் – 9: முதலில் தண்ணீரை வரையுங்கள்

ஐரோப்பியக் கோட்டை நகரத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். குன்றின் மேல் அரண்மனை, சுற்றிக் கல்மதில், நடுவே சந்தைச் சதுக்கம். ஃபேன்டசி நாவலோ ரோல்-பிளேயிங் விளையாட்டோ, வரைகிறவர்களின் கை தானாகப் போகும் இடம் அதுதான். அதே கையோடு சுமேரியாவுக்குப் போகிறவர்கள் அரண்மனையை அழித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சிகுராத்தை, அதாவது அடுக்கடுக்காக உயரும் கோயில் மேடையை, நடுகிறார்கள். ஓக் மரம் இருந்த இடத்தில் பேரீச்சை வருகிறது. நகரம் என்னவோ அதே நகரம்தான்.

சுமேரியா இருந்த தென் ஈராக் சமவெளியில் குன்றும் இல்லை, கல்லும் இல்லை, கட்டடம் எழுப்பத் தோதான மரமும் இல்லை. இருந்தவை வண்டலும் நாணலும் தண்ணீரும். வண்டல் படியப் படிய யூப்ரடீஸ் தன் படுகையைத் தானே உயர்த்திக்கொண்டு, சுற்றியுள்ள நிலத்தைவிட மேட்டில் ஓடும். கரையை ஓரிடத்தில் வெட்டிவிட்டால் போதும், தண்ணீர் தானாக வயலுக்கு இறங்கிவிடும். கரைமேட்டில் பேரீச்சைத் தோப்பும் அதன் நிழலில் வெங்காயப் பாத்தியும், சரிவில் பார்லி, அதற்கும் கீழே தண்ணீர் தேங்கும் தாழ்வில் நாணலும் மீனும். வரைபடத்தில் பச்சை நிறத்தை அங்கங்கே திட்டாகத் தீட்டாதீர்கள். வாய்க்காலை ஒட்டி நாடாவாக ஓடவிடுங்கள். வயல்கள் நீளக் கீற்றுகளாக இருக்கட்டும், ஒவ்வொரு கீற்றின் தலையும் வாய்க்காலைத் தொடட்டும்.

கதைக்கு வேண்டிய பகையும் இங்கேதான் பிறக்கிறது. உம்மா, லகாஷ் என்ற இரு சுமேரிய நகரங்களும் எல்லை வயல்களுக்காகவும் அவற்றுக்குப் பாயும் தண்ணீருக்காகவும் தலைமுறை தலைமுறையாகச் சண்டையிட்டன. உம்மா தலைமடையில் இருந்தது, லகாஷ் கடைமடையில். இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. லகாஷ் அரசன் எஅன்னாதும் தன் வெற்றியைச் செதுக்கி நிறுத்திய கழுகுக் கல்லின் துண்டுகள் இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. உங்கள் கற்பனை நாட்டில் இரண்டு நகரங்களை ஒரே கால்வாயில் வைத்துவிடுங்கள். வில்லனைத் தனியாகத் தேட வேண்டாம்.

இனி நகருக்குள். பார்த்து வரைய ஓர் அசலே நம்மிடம் இருக்கிறது. 1899இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு நிப்பூர் நகரத்தில் தோண்டி எடுத்த, அந்நகரின் வரைபடம் உள்ள களிமண் பலகை அது. இப்போது ஜெர்மனியின் யேனாவில் இருக்கிறது. சுமேரிய அரசுகள் மறைந்து சில நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்டதுதான், ஆனாலும் அதில் உள்ளது அதே பழைய நகரம். ஒரு பக்கம் யூப்ரடீஸ், நடுவே நகரைப் பிளக்கும் கால்வாய், என்லில் தெய்வத்தின் கோயில், தோட்டம், மதில், மதிலில் வாயில்கள். அளவுகள்கூடக் குறித்திருக்கிறார்கள். ஒரு வாயில் உர் வாயில், இன்னொன்று உருக் வாயில்: எந்த நகரத்துக்குப் போகும் பாதையோ அதன் பெயர் வாயிலுக்கு. டிராகன் வாயில், நிழல் வாயில் என்றெல்லாம் மூளையைக் கசக்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நகருக்கு வெளியே ஓர் உலகம் இருக்கிறது என்பதை வாயிலின் பெயரே வாசகருக்குச் சொல்லிவிடுகிறது.

மாஷ்கான்-ஷாபிர் என்ற பழைய நகரம் இன்னொரு நல்ல மாதிரி. 1980களின் இறுதியில் தொல்லியலாளர்கள் எலிசபெத் ஸ்டோனும் பால் சிமான்ஸ்கியும் பட்டத்தில் கேமராவைக் கட்டிப் பறக்கவிட்டு அதைப் படம் பிடித்தார்கள். கால்வாய்கள் ஊரைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்திருந்தன. பணக்காரர் தெரு, ஏழைகள் சேரி என்ற பிரிவை மட்டும் அங்கே காண முடியவில்லை. பெரிய வீடும் சிறிய வீடும் பக்கத்துப் பக்கத்தில். ஃபேன்டசி வரைபடத்தில் தவறாமல் வரும் 'பிரபுக்கள் வட்டாரம்' இங்கே பொருந்தாது.

தெருக்களுக்கு உர் நகரத்தைப் பாருங்கள். 1922 முதல் 1934 வரை அங்கே அகழ்ந்த லெனர்ட் வுல்லி, வளைந்து வளைந்து போகும் சந்துகளைக் கண்டு அவற்றுக்கு பேட்டர்நாஸ்டர் ரோ, ஸ்ட்ரெய்ட் ஸ்ட்ரீட் என்று தன் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார். நாலாயிரம் ஆண்டுப் பழைய ஈராக்கியச் சந்துக்கு இங்கிலாந்துப் பெயர்! அது போகட்டும். தெருவைப் பார்த்த சுவரில் ஜன்னல் இல்லாத, முற்றத்தைச் சுற்றிய வீடுகள். சில தெருமுனைகளில் சிறு வழிபாட்டிடங்கள். குப்பையைத் தெருவிலேயே கொட்டியதால் தெரு உயர்ந்துகொண்டே போக, வீட்டுக்குள் படியிறங்கிப் போக வேண்டியதாயிற்று. கழிவுநீருக்கு, நம் உறைகிணறுபோலச் சுடுமண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஆழத்துக்கு இறக்கியிருந்தார்கள்.

சிகுராத்தை எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். நட்டநடுவில் வைத்தே தீர வேண்டும் என்பதில்லை. உர் நகரில் அது மதிலுக்குள் வடமேற்குப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது. முனைகள் நான்கு திசைகளையும் நோக்கி இருக்கட்டும்; அது முக்கியம். மதிலைக் கடைசியில் வரையுங்கள். நகரம் எப்படிப் பரவியதோ அப்படித்தான் அதுவும் வளைய வேண்டும், காம்பஸ் வைத்து இழுத்த வட்டமாக அல்ல.

மதுக்கடை இல்லாமல் என்ன ஃபேன்டசி நகரம் என்பவர்களுக்கும் ஆதாரம் உண்டு. லகாஷில் கி.மு. 2700 வாக்கிலான, மதுக்கடை என்றே அகழ்ந்தவர்கள் அழைக்கும் உணவுக்கூடம் ஒன்றை அண்மையில் கண்டெடுத்திருக்கிறார்கள்: உட்கார பெஞ்சுகள், அடுப்பு, ஈரத்தால் குளிரவைக்கும் மண்பாண்டம், மீன் மிச்சம் ஒட்டிய கிண்ணங்கள்.

எல்லாம் வரைந்து முடித்த பிறகு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. தூரத்தில், தண்ணீரில்லாத ஒரு பழைய ஆற்றுத் தடத்தைப் புள்ளிக்கோட்டில் போட்டு, அதன் கரையில் ஆளற்ற ஒரு மேட்டை வையுங்கள். யூப்ரடீஸ் தடம் மாறியபடியே இருந்த ஆறு. ஒரு காலத்தில் படகுத் துறைகளோடு இருந்த உர் இன்று ஆற்றிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, பாலை மண்ணில் கிடக்கிறது.

அடுத்த வாரம் மொகஞ்சதாரோ. ஸ்கேலை எடுத்து வைத்திருங்கள்.