மீள்விற்பனை முறை

மீள்விற்பனை முறை என்பது, ஒரே வீடு வெவ்வேறு காலங்களில் விற்கப்பட்ட விலைகளை ஒப்பிட்டு, ஒரு பகுதியின் வீட்டு விலைகள் எவ்வாறு மாறியுள்ளன என்பதைக் கணிக்கும் புள்ளியியல் முறை ஆகும். இம்முறையில் பெறப்படும் சுட்டெண்ணைக் கொண்டு, பல ஆண்டுகளுக்கு முன் வாங்கப்பட்ட ஒரு பழைய வீட்டின் தற்போதைய மதிப்பை மதிப்பிடலாம். வீட்டுக் கடன் வழங்குதல், உடன்பிறந்தோரிடையே சொத்தைப் பிரித்தல், விற்பனை விலையை முடிவு செய்தல் ஆகியவற்றில் இத்தகைய மதிப்பீடு தேவைப்படுகின்றது.

தேவை

ஓர் ஊரில் ஒவ்வோர் ஆண்டும் விற்கப்படும் வீடுகளின் சராசரி விலையைக் கொண்டு விலை மாற்றத்தை அளப்பது எளிது. ஆனால் அது தவறான முடிவைத் தரக்கூடும். ஓர் ஆண்டில் சிறிய வீடுகளும் அடுத்த ஆண்டில் பெரிய வீடுகளும் மிகுதியாக விற்கப்பட்டால், எந்த வீட்டின் விலையும் மாறாத போதும் சராசரி உயரும். ஒரே வீட்டின் இரண்டு விற்பனைகளை ஒப்பிடும்போது அமைவிடம், பரப்பளவு, அறைகளின் எண்ணிக்கை போன்றவை பெரும்பாலும் மாறாதிருப்பதால் இச்சிக்கல் குறைகின்றது.

வரலாறு

பெய்லி, மூத், நூர்ஸ் ஆகிய மூவரும் 1963 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இம்முறையைத் தொடர்புப் போக்குப் பகுப்பாய்வாக வடிவமைத்தனர். கார்ல் கேஸ், ராபர்ட் ஷில்லர் ஆகியோர் 1987 இல் இதனை மேம்படுத்தி, அட்லான்டா, சிக்காகோ, டல்லாஸ், சான் பிரான்சிஸ்கோ ஆகிய நான்கு அமெரிக்க நகரங்களுக்குச் சுட்டெண்களை உருவாக்கினர். இரு விற்பனைகளுக்கும் இடையேயான கால இடைவெளி கூடும்போது பிழையும் கூடும் என்பதால், நீண்ட இடைவெளி கொண்ட இணைகளுக்கு அவர்கள் குறைந்த எடை அளித்தனர். இதன் தொடர்ச்சியான கேஸ்-ஷில்லர் சுட்டெண், 2000 சனவரி மாதத்தை 100 எனக் கொண்டு வெளியிடப்படுகின்றது. ஷில்லர் 2013 இல் பொருளியலுக்கான நோபல் பரிசை மற்ற இருவருடன் பகிர்ந்து பெற்றார்.

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் உள்ள ஹேரன்கிராக்ட் கால்வாய்க் கரை வீடுகளின் விற்பனைப் பதிவுகளைக் கொண்டு, 1628 முதல் 1973 வரையான காலத்திற்கு ஐக்ஹோல்ட்ஸ் என்பவர் 1997 இல் இம்முறையிலேயே ஒரு சுட்டெண்ணை வெளியிட்டார். பணவீக்கத்தை நீக்கிப் பார்த்தால் அவ்வீடுகளின் நீண்டகால விலை உயர்வு மிகக் குறைவு என்பதை அது காட்டியது.

கணிக்கும் முறை

கற்பனையான மூன்று வீடுகளை எடுத்துக்கொள்வோம்.

வீடு அ: 2000 இல் 10 இலட்சம், 2005 இல் 15 இலட்சம் (1.5 மடங்கு)
வீடு ஆ: 2005 இல் 24 இலட்சம், 2010 இல் 48 இலட்சம் (2 மடங்கு)
வீடு இ: 2000 இல் 8 இலட்சம், 2010 இல் 22 இலட்சம் (2.75 மடங்கு)

முதல் இரு வீடுகளின்படி, 2000 முதல் 2010 வரை விலைகள் 1.5 × 2 = 3 மடங்காகியிருக்க வேண்டும். ஆனால் வீடு இ 2.75 மடங்கு எனக் காட்டுகின்றது. இம்முரண்பாட்டைத் தீர்க்க, மடங்குகளின் மடக்கைகளை எடுத்து, மூன்று விற்பனை இணைகளுக்கும் மிக நெருங்கிப் பொருந்தும் சுட்டெண்கள் மீச்சிறு வர்க்க முறையால் கண்டறியப்படுகின்றன. இங்கு 2000 = 100 எனக் கொண்டால், 2005 க்கு ஏறத்தாழ 146 உம், 2010 க்கு ஏறத்தாழ 283 உம் கிடைக்கின்றன. நடைமுறையில் ஆயிரக்கணக்கான இணைகள் பயன்படுத்தப்படுகின்றன.

ஒரு வீட்டின் மதிப்பை அறியப் பின்வரும் வாய்பாடு பயன்படும்:

மதிப்பு = பழைய விலை × (தற்போதைய சுட்டெண் ÷ வாங்கிய காலச் சுட்டெண்)

எடுத்துக்காட்டாக, இதே பகுதியில் 2005 இல் 20 இலட்சத்திற்கு வாங்கப்பட்ட வீட்டின் 2010 ஆம் ஆண்டு மதிப்பு 20 × 283 ÷ 146, அதாவது ஏறத்தாழ 38.8 இலட்சம் ஆகும்.

நிலமும் கட்டடமும்

பழைய வீடுகளில் இம்முறையின் முதன்மையான குறைபாடு இங்குதான் உள்ளது. வீட்டின் விலை நிலம், கட்டடம் ஆகிய இரண்டின் விலைகளையும் உள்ளடக்கியது. கட்டடம் தேய்கின்றது, நிலம் தேய்வதில்லை. ஒரே ஆண்டில் 20 இலட்சத்திற்கு வாங்கப்பட்ட இரு வீடுகளுள், ஒன்றில் நிலம் 8 இலட்சம், கட்டடம் 12 இலட்சம் எனவும், மற்றொன்றில் நிலம் 16 இலட்சம், கட்டடம் 4 இலட்சம் எனவும் கொள்வோம். நில மதிப்பு மும்மடங்காகவும் கட்டட மதிப்பு பாதியாகவும் மாறினால், முதல் வீடு 24 + 6 = 30 இலட்சமும், இரண்டாவது 48 + 2 = 50 இலட்சமும் பெறும். சுட்டெண்ணோ இரண்டிற்கும் ஒரே மதிப்பையே தரும். எனவே அடுக்குமாடிக் குடியிருப்புகளில், பிரிக்கப்படாத நிலப் பங்கு எவ்வளவு என்பதைத் தனியே அறிதல் இன்றியமையாதது.

பிற வரம்புகள்

• இரு விற்பனைகளுக்கு இடையே மாடி எழுப்புதல், புதுப்பித்தல் போன்றவை நடந்திருந்தால், அவ்விலை உயர்வு சந்தையின் உயர்வாகத் தவறாகக் கணக்கிடப்படும்.
• ஒரே ஒருமுறை விற்கப்பட்ட வீடுகளும், விற்கப்படாமலே வழிவழியாக வரும் வீடுகளும் கணக்கில் வருவதில்லை.
• உறவினருக்கு இடையேயான விற்பனை, கடனுக்காக ஏலத்தில் விடப்பட்ட விற்பனை ஆகியவை சந்தை விலையைக் காட்டா; அவற்றை நீக்க வேண்டும்.
• சுட்டெண் குறிப்பது சராசரிப் போக்கையே. தனி வீடு ஒன்றின் உண்மை விலை அதற்குக் கூடவோ குறையவோ இருக்கலாம்.

பழைய உயர்வு வீதம் இனியும் தொடரும் எனக் கொண்டு மதிப்பிடுவது இம்முறை ஆகாது. அமெரிக்க வீட்டு விலைகள் 2006 இல் உச்சத்தை அடைந்த பின், 2012 வரையான காலத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் வீழ்ந்தன. முந்தைய உயர்வை நம்பிக் கடன் பெற்ற பலரின் கடன்தொகை, வீட்டின் மதிப்பை விட மிகுந்தது.

இந்தியாவில்

இந்தியாவில் ஒரு சொத்தின் முந்தைய பதிவுகளை வில்லங்கச் சான்றிதழின் மூலம் அறியலாம். எனினும் பத்திரத்தில் காட்டப்படும் தொகை, உண்மையில் கைமாறிய தொகையை விடக் குறைவாக இருப்பதுண்டு. அரசின் வழிகாட்டி மதிப்பு முத்திரைத் தீர்வையைக் கணக்கிடப் பயன்படுவது. அது சந்தை மதிப்பு அன்று. இந்திய ரிசர்வ் வங்கி, சென்னை உள்ளிட்ட நகரங்களுக்கான வீட்டு விலைச் சுட்டெண்ணைக் காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடுகின்றது. நகர் முழுமைக்குமான இத்தகைய சுட்டெண்ணைக் கொண்டு பெறும் மதிப்பை, அண்மையில் அதே தெருவில் விற்கப்பட்ட ஒத்த வீடுகளின் விலைகளுடன் ஒப்பிட்டுச் சரிபார்த்தல் நன்று.