கொல்லும் திறனை அளப்பது எப்படி?

தாய்லாந்தில் 16,000-க்கும் அதிகமானோர் பங்கேற்ற எச்.ஐ.வி. தடுப்பூசிச் சோதனையின் முடிவு 2009-ல் வெளியானது. தொற்று சுமார் 31 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் பரவலாகத் திரியும் எச்.ஐ.வி. ரகங்களை நேரடியாக முடக்கும் ஆன்டிபாடிகள் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களிடம் மிகக் குறைவு. அப்படியானால் காத்தது எது? 2012-ல் வந்த ஆய்வு ஒரு தடயம் தந்தது. ஐஜிஏ வகை ஆன்டிபாடி குறைந்தவர்களிடம், ஆன்டிபாடியின் துணையோடு செல்லைக் கொல்லும் திறன் கூடியிருந்தால் தொற்றும் குறைவாக இருந்தது. நிரூபணம் இல்லை, தடயம்தான். ஆனாலும் அந்தத் திறனை அளக்கும் சோதனைகளுக்கு அதன்பின் மதிப்புக் கூடியது.

ஆன்டிபாடி ஒரு முனையால் தொற்றிய செல்லின் மேலுள்ள வைரஸ் புரதத்தைப் பிடிக்கிறது. ஆன்டிபாடியின் வால்பகுதியை இயற்கைக் கொல்லி செல் என்ற நோயெதிர்ப்புச் செல் பற்றிக்கொண்டு, கிரான்சைம் போன்ற நொதிகளை இலக்குக்குள் செலுத்துகிறது. செல் சாகிறது.

இதை அளக்கப் பழைய வழி கதிரியக்கக் குரோமியம். இலக்கு செல்லில் அதை ஏற்றிவைத்தால், செல் உடைந்ததும் வெளியே கசியும். கசிந்ததை அளந்தால் போதும். இப்போது கிரான்சைம் வெட்டியதும் ஒளிரும் வேதிப்பொருளை இலக்குக்குள் வைத்து, ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஒவ்வொரு செல்லாக லேசர் முன் ஓடவிட்டு எண்ணுகிறார்கள். ஒளி உண்டாக்கும் லூசிபெரேஸ் நொதியின் மரபணுவைச் சேர்த்த வைரஸால் செல்லைத் தொற்றவைத்து, அது சாகும்போது ஒளி எவ்வளவு மங்குகிறது என்று பார்ப்பதும் உண்டு.

கருவியைவிட முக்கியம், இலக்காக எந்தச் செல்லை வைக்கிறோம் என்பது. பல ஆய்வகங்கள் தொற்றில்லாத செல்லின்மேல் ஜிபி120 என்ற வைரஸ் புரதத்தைப் பூசி இலக்காக்குகின்றன. வேலை எளிது, ஆனால் அந்தச் செல்லில், வைரஸ் பற்றிக்கொள்ளும் சிடி4 ஏற்பி அப்படியே இருக்கிறது. ஜிபி120 அதில் ஒட்டியதும் வடிவம் மாறி, உள்ளே மறைந்திருந்த பகுதிகளைத் திறந்து காட்டிவிடும். உண்மையில் தொற்றிய செல்லிலோ, வைரஸின் நெஃப், விபியு புரதங்கள் சிடி4-ஐ மேற்பரப்பிலிருந்து அகற்றிவிடுகின்றன. அந்தப் பகுதிகள் மூடியே கிடக்கின்றன. பூசிய செல்லைத் திறமையாகக் கொன்ற ஆன்டிபாடி, தொற்றிய செல்லில் பிடிமானமின்றித் தவிக்கலாம். எச்.ஐ.வி.யின் தந்திரமே இந்த மறைப்பு. அதை விட்டுவிட்டு அளப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

கொல்லி செல்லைத் தானம் தந்தவர் மாறினாலும் எண்கள் மாறும். ஆகவே, ஓர் ஆன்டிபாடி எச்.ஐ.வி. தொற்றிய செல்களைக் கொல்கிறது என்ற செய்தியைப் படித்தால், எந்தச் செல்லில் சோதித்தார்கள் என்று முதலில் பாருங்கள்.