மின்சார மோட்டார்ப் போட்டி

மோட்டார் கார்த் தொழில் என்றால் அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான் என்று உலகம் எண்ணியிருந்த காலம் மலையேறிவிட்டது. சீனாவில் ஷென்ஷென் நகரத்தில் 1995-ம் வருஷம் பாட்டரி செய்வதற்கென்று ஸ்தாபிக்கப்பெற்ற பி.ஒய்.டி. கம்பெனி, 2003-ல் மோட்டார்த் தொழிலில் பிரவேசித்தது. 2022-ல் பெட்ரோலினால் மாத்திரம் ஓடும் கார்களைச் செய்வதையே நிறுத்திவிட்டது. 2024-ல் முழு மின்சாரக் கார் விற்பனையில் அமெரிக்காவின் டெஸ்லா கம்பெனி அதைவிடச் சிறிதளவே மேலாக நின்றது. 2025-ல் பி.ஒய்.டி. சுமார் 22½ லக்ஷம் கார்களும், டெஸ்லா சுமார் 16½ லக்ஷம் கார்களும் விற்றன.

இது வெறும் கூலி மலிவின் பலன் என்பாருடைய கூற்றை நாம் அங்கீகரிப்பதற்கில்லை. மின்சாரக் காரின் விலையில் மிகப் பெரிய பாகம் பாட்டரியைச் சேர்ந்தது. அதைத் தானே செய்துகொள்பவனுக்கும், பிறனிடம் கையேந்துபவனுக்கும் உள்ள பேதமே இப்போட்டியின் மர்மம். சீன சர்க்காரும் 2022 முடிய, பல வருஷங்கள் வாங்குவோருக்கு உதவித்தொகை அளித்து இத்தொழிலைப் பேணி வளர்த்தது.

ஆயினும் இவ்வெற்றிக்கு மறுபுறமும் உண்டு. 2025 மே மாதத்தில் பி.ஒய்.டி. 22 வகைக் கார்களின் விலையைக் குறைத்தது, மற்றவர்களும் பின்தொடர்ந்தனர். இவ்விலை யுத்தத்தின் சுமை உதிரி பாகங்கள் செய்யும் சிறு தொழிற்சாலைகளின் தலையிலேயே விழுந்தது. அவர்களுக்குச் சேரவேண்டிய பணத்தை 60 நாட்களுக்குள் பட்டுவாடா செய்வதாகப் பிரதான கம்பெனிகள் ஜூன் மாதத்தில் வாக்களிக்க நேர்ந்ததென்றால், அதற்கு முன் அவர்கள் பட்ட பாட்டை நாம் விவரிக்கவும் வேண்டுமோ?

மேல்நாடுகள் வரிச் சுவர் எழுப்பின. அமெரிக்கா 2024-ல் சீன மின்சாரக் கார்களுக்கு 100 சதவிகிதத் தீர்வை விதித்தது. ஐரோப்பிய யூனியன் அவ்வருஷம் அக்டோபரில், முன்பிருந்த 10 சதவிகிதத்திற்கு மேல் 35.3 சதவிகிதம் வரை விதித்தது. பி.ஒய்.டி.யோ ஐரோப்பாவுக்குள்ளேயே, ஹங்கேரியில், தொழிற்சாலை அமைக்க முற்பட்டது. சுவர் அவகாசம் தரும், திறமையைத் தராது.

நமக்கு இதில் பாடம் இல்லாமலில்லை. 2025 ஏப்ரலில் அரிய மண் உலோகக் காந்தங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்தவுடன், இந்திய மோட்டார்த் தொழிற்சாலைகள் கலக்கமடைந்தன. இங்கே ரூ. 4,150 கோடி முதலீடு செய்ய ஒப்பும் கம்பெனிகளுக்கு இறக்குமதித் தீர்வையை 15 சதவிகிதமாகக் குறைக்கும் திட்டத்தை இந்திய சர்க்கார் 2024 மார்ச்சில் வெளியிட்டது. ஐந்து வருஷத்திற்குள் காரின் மதிப்பில் 50 சதவிகிதம் உள்நாட்டில் உண்டாகவேண்டுமென்பது அதன் நிபந்தனை. அந்தப் பாதியில் பாட்டரியும் காந்தமும் அடங்குமா என்பதே நாம் கேட்கும் கேள்வி. அவை அடங்காவிடில், பிறர் செய்த பாகங்களைத் திருகி முடுக்குவதே நமது தொழிலாக முடியும். பொதுஜனங்களும் சட்டசபை அங்கத்தினர்களும் இதில் இப்பொழுதே கண்ணுங் கருத்துமாயிருத்தல் அவசியம்.