சரளி வரிசையும் கம்பூஸும்

நேற்று கம்பத்துக் கல்யாணத்தில் பாடியது அரபுப் பாட்டா, மலாய்ப் பாட்டா, இந்திப் பாட்டா என்று கேட்டாய் அல்லவா தம்பி? இந்த ஒரு கிளாஸ் தே தாரிக் குடித்து முடிப்பதற்குள் அதைச் சொல்ல முடியாது. இன்னொரு கிளாஸும் சொல்லிவிடு.

அதற்குக் கஸல் என்று பெயர். கோத்தா திங்கியில் இருக்கிற நமக்கு அது சொந்த மாநிலமான ஜொகூரின் இசை. மேடையில் என்னென்ன இருந்தன, நினைத்துப் பார். ஆர்மோனியம், தபேலா, வயலின், கிட்டார். அப்புறம், பேரிக்காயை நெடுக்காக வெட்டிக் கவிழ்த்தாற்போல முதுகு பருத்த ஒரு தந்தி வாத்தியம். ஆர்மோனியமும் தபேலாவும் இந்தியா வழியாக வந்தவை. வட இந்தியக் கஸல் 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்தது. அங்கே சாரங்கி வாசித்த இடத்துக்கு இங்கே வயலின் வந்தது. சித்தாரின் இடத்தில் அந்தப் பருத்த வாத்தியம் உட்கார்ந்துகொண்டது. அதுதான் கம்பூஸ். பாட்டு வரிகளோ அசல் மலாய்ப் பந்துன், நாலு நாலு அடியாக.

கம்பூஸில் இரண்டு வகை உண்டு. ஒன்று அரபு நாட்டு ஊத் வாத்தியமேதான். மற்றது ஒரே மரத்தைக் குடைந்து, வயிற்றில் ஆட்டுத்தோல் போர்த்தியது. அதைப் பலாமரத்தில் செய்வார்கள். நம் வீணையும் மிருதங்கமும் எந்த மரம்? அதே பலாதான். ஏமனின் ஹத்ரமௌத் பகுதியிலிருந்து வந்த அரபு வணிகர்களோடு இந்தக் கம்பூஸும், அதற்கு ஆடுகிற ஸப்பின் ஆட்டமும் ஜொகூரில் இறங்கின.

கிழக்கே கம்பூஸ் ஆன இதே குடும்பத்து வாத்தியம் மேற்கேயும் போனது. பாக்தாத்தின் பாடகர் ஸிர்யாப் 822இல் ஸ்பெயினின் கொர்தோபா நகருக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே வளர்ந்ததுதான் அரபு–அந்தலூசிய இசை. 1492இல் கிரனாடா வீழ்ந்த பிறகு, வெளியேறிய முஸ்லிம்களும் யூதர்களும் அந்த இசையை மொராக்கோவிலும் அல்ஜீரியாவிலும் காப்பாற்றினார்கள். அல்ஜியர்ஸில் பிறந்த யூதப் பாடகர் லிலி போனிஷ் (1921–2008) அந்தப் பழைய இசையோடு டாங்கோ, மாம்போ எல்லாம் சேர்த்துப் பாடினார். துறைமுக ஊர்க்காரன் காதில் விழுகிற எதையும் வீணாக்குவதில்லை. பத்து பகாட்டில் பிறந்த நம் பாடகி ரொசியா சிக்கும் அப்படித்தான். அவர் பாடிய அஸ்லி, கஸல் பாட்டுகளில் மலாய்க் குரலோடு அரபுத் தந்தியும் இந்தியத் தாளமும் கூடி வரும். 2006இல் மறைந்தார்.

ஊரெல்லாம் தாண்டி இந்த இசைகள் எப்படி ஒட்டுகின்றன என்றுதானே கேட்கப்போகிறாய்? உன் தங்கை பாட்டு வகுப்பில் முதல் நாள் பாடிய சரளி வரிசையைப் பாடச் சொல். மாயாமாளவகௌளை. ச, ரி, க, ம. ரி தாழ்ந்து நிற்கும், க உயர்ந்து நிற்கும், நடுவில் ஒரு பெரிய தாவல். அரபுக்காரர்கள் ஹிஜாஸ் என்கிற ராகத்தின் முதல் நாலு ஸ்வரம் ஏறத்தாழ இதேதான். ஸ்பெயினின் ஃபிளமெங்கோவிலும் இந்தத் தாவல் கேட்கும். நேற்று உனக்கு அந்தப் பாட்டு எங்கேயோ கேட்டதுபோல இருந்ததென்றால், ஹிஜாஸ் சாயல்தான் காரணமாக இருக்கும்.

கம்பூஸ்காரரின் இடது கையைப் பார்த்தாயா? வீணைக்கு 24 மெட்டு உண்டு. கம்பூஸின் கழுத்தில் ஒரு மெட்டும் கிடையாது. வழவழவென்ற மரம். விரல் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டே போகலாம், நம் வயலின் கமகம்போல. அரபு இசையில் ஆர்மோனியத்தின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே நிற்கும் ஸ்வரங்கள் உண்டு. கம்பூஸில் அவை தாராளமாக வரும், ஆர்மோனியத்தில் வராது. இரண்டும் சேர்ந்து வாசிக்கும்போது கம்பூஸ்தான் விட்டுக்கொடுக்கிறது. கலப்பில் இந்த இழப்பு இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. ஆனால் பாடுகிறவரின் குரல் அந்த இடைவெளிக்குள் நெளிந்து போய், போனதில் பாதியை மீட்டுவிடுகிறது. எனக்குக் கஸலில் மிகப் பிடித்த இடம் அதுதான்.

ஸப்பின் என்றால் தொடக்கத்தைத் தவறவிடாதே. தாளம் எதுவும் இல்லாமல் கம்பூஸ் தனியாகப் பேசும். அதைத் தக்சிம் என்பார்கள். நம் ஆலாபனைதான். மர்வாஸ் என்ற சின்னக் கைமுரசுகள் மடியில் சும்மா கிடக்கும். தக்சிம் முடிந்து பாட்டின் மெட்டு தொடங்கிய பிறகுதான் அவை சேரும்; இடையிடையே எல்லாரும் ஒன்றாக ஓங்கி அடிப்பார்கள். அப்போது ஆடுகிறவர்களின் காலைப் பார்க்க வேண்டும்.

கல்யாணத்தில் நம்மவர்கள் பெரும்பாலும் சாப்பிட்ட கையோடு காரைக் கிளப்பிவிடுகிறார்கள். மேடையில் பாதி நம் பக்கத்து வாத்தியம், முதல் நாலு ஸ்வரம் நம் பிள்ளைகளின் முதல் பாடம். அடுத்த அழைப்பு வந்தால், தக்சிம் முடிகிறவரைக்குமாவது உட்கார்ந்து கேட்டுவிட்டு வா.