வட்டமா, பெருக்கலா?

சோனியின் முதல் பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரில் எழுத்தே இல்லாத நான்கு பொத்தான்கள் இருந்தன. மேலே பச்சை முக்கோணம், வலப்பக்கம் சிவப்பு வட்டம், கீழே நீலப் பெருக்கல் குறி, இடப்பக்கம் இளஞ்சிவப்புச் சதுரம். 1994 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அந்தப் பிளேஸ்டேஷனுக்காக இவற்றை முடிவு செய்தவர் தெய்யூ கோத்தோ என்ற வடிவமைப்பாளர். எழுத்துக்குப் பதில் வடிவம் போட்டுவிட்டால் எந்த மொழிக்காரருக்கும் புரிந்துவிடும் என்றுதான் நமக்குத் தோன்றும். நடந்தது வேறு.

கோத்தோவின் கணக்கில் வட்டம் 'சரி', பெருக்கல் 'வேண்டாம்'. ஜப்பானில் படித்தவர் எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே ஆசிரியர் சரியான விடைக்குச் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவார். தப்பான விடைக்குப் பெருக்கல். சில சமயம் டிக். ஆமாம், நம் வாத்தியார் 'சரி' என்று போடும் அதே டிக்தான்! கன்ட்ரோலரில் 'சரி' சிவப்பாகவும் 'வேண்டாம்' நீலமாகவும் இருந்ததால், நிறம் மாறிவிட்டதோ என்று சோனிக்குள்ளேயே கேட்டார்களாம். கோத்தோ விட்டுக்கொடுக்கவில்லை.

மறு ஆண்டு அதே கன்ட்ரோலர் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனது. அங்கே பெரும்பாலான விளையாட்டுகளில் பெருக்கல் 'சரி' ஆனது. 'வேண்டாம்' வட்டத்துக்கோ முக்கோணத்துக்கோ போயிற்று. பெருக்கல் எப்படிச் சரியாகும்? பிரிட்டனில் பிடித்த வேட்பாளருக்கு நேரே போடுவது அதைத்தான். யாழ்ப்பாணத்தில் தேர்தல் காலத்தில் 'சின்னத்துக்கு நேரே புள்ளடி போடுங்கோ' என்று ஒலிபெருக்கி கட்டிக் கேட்பதும் இதே குறியைத்தான். கணக்குக் கொப்பியில் தப்பு, வாக்குச்சீட்டில் தெரிவு என்று ஒரே ஆளின் தலைக்குள்ளேயே அது இரண்டு பொருளோடு இருக்கிறது. திரையில் அதைப் பார்த்ததும் எந்தப் பொருள் எழும்பும் என்பது அவர் எங்கே பழகினார் என்பதைப் பொறுத்தது.

பழக்கம் கட்டைவிரலில் ஏறிவிட்டால் லேசில் இறங்காது. கால் நூற்றாண்டுக் காலம் ஒரே கருவி ஜப்பானில் ஒரு மாதிரியும் வெளியே வேறு மாதிரியும் ஓடியது. 2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 வந்தபோதுதான் உலகம் முழுக்கப் பெருக்கலே 'சரி' என்று சோனி முடிவு கட்டியது. குறியை வரைந்தவரின் மனப்படி புரிந்துகொண்டவர்கள் ஜப்பானியர்கள். மாறச் சொன்னதும் அவர்களைத்தான். எனக்கு இது கொஞ்சம் அநியாயமாகவே படுகிறது.

அந்த ஜப்பானியப் பள்ளிக்கூடம் நம் கைப்பேசிக்குள்ளும் இருக்கிறது. தலைக்கு மேல் இரு கைகளையும் வளைத்து நிற்கும் இமோஜி, நாட்டியமாடவில்லை. கைகளால் வட்டம் போட்டு 'சரி' என்கிறது. கைகளைக் குறுக்கே வைத்திருப்பது 'கூடாது'. வெள்ளைப் பூ இமோஜி, நன்றாக எழுதிய மாணவரின் தாளில் ஆசிரியர் குத்தும் முத்திரை.