நாற்கரங்களின் வகைப்பாடு

நான்கு கோட்டுத்துண்டுகளால் அடைபட்ட தள உருவம் நாற்கரம் எனப்படும். இலங்கைப் பாடநூல்களில் இதன் பெயர் நாற்பக்கல். இதன் உட்கோணங்களின் கூடுதல் 360°.

ஒரு சோடி எதிர்ப்பக்கங்கள் இணையாயின் அது சரிவகம். இரு சோடியும் இணையாயின் இணைகரம். இணைகரத்தின் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று இருசமக்கூறிடும். கோணங்கள் செங்கோணமான இணைகரம் செவ்வகம். பக்கங்கள் யாவும் சமமான இணைகரம் சாய்சதுரம். இவ்விரண்டு பண்பும் சேர்ந்தது சதுரம். அடுத்தடுத்த பக்கங்கள் சோடி சோடியாகச் சமமானால் பட்டம்.

"சதுரமும் செவ்வகமா?" என்று வகுப்பில் ஒரு மாணவராவது கேட்பார். ஆம் என்பதே விடை. யூக்ளிடு இரண்டையும் தனித்தனி வகையாகவே வைத்தார். இன்றைய முறையில் சதுரம் செவ்வகத்துள் அடங்கும். செவ்வகத்துக்கு நிறுவிய பண்பைச் சதுரத்துக்கு மறுபடி நிறுவ வேண்டியதில்லை, இதுவே வசதி.

பக்க அளவுகள் மட்டும் ஒரு நாற்கரத்தைத் தீர்மானிப்பதில்லை. மாணவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். சேலம் மாவட்டம் கெங்கவல்லி வட்டாரத்தில் வரப்புகள் செங்கோணத்தில் அமைந்த வயல் அரிது. நான்கு வரப்பும் 50 மீட்டர் என்று கொள்வோம். சதுரமானால் பரப்பு 2500 சதுர மீட்டர். மூலைவிட்டங்கள் 60, 80 மீட்டரானால் 2400. அவையே 28, 96 மீட்டரானால் 1344 மட்டுமே! எதிர் வரப்புகளின் சராசரிகளைப் பெருக்கினால் மூன்றுக்கும் 2500 என்றே வரும். கடைசி நிலத்தை அக்கணக்கில் வாங்கியவருக்குச் சுமார் 28½ சென்ட் நட்டம்.

கி.பி. 628இல் பிரம்மகுப்தர் நான்கு பக்கங்களைக் கொண்டு பரப்புக் காணச் சூத்திரம் தந்தார். உச்சிகள் நான்கும் ஒரே வட்டத்தின் மேல் அமைந்தால்தான் அது பொருந்தும். 1150இல் லீலாவதி இயற்றிய இரண்டாம் பாஸ்கரர், மூலைவிட்டமோ குத்துயரமோ சொல்லாமல் நாற்கரத்தின் பரப்பைக் கேட்பவரைக் கடுமையாகவே சாடினார்.

முக்கோணம் அப்படியல்ல, மூன்று பக்கங்கள் தெரிந்தால் வடிவம் உறுதி. அதனால்தான் நில அளவையில் மூலைவிட்டம் பிடித்து, வயலை முக்கோணங்களாகப் பிரித்துப் புலப்படம் வரைகிறார்கள். தச்சர் கதவு நிலையில் மூலைக்கு மூலை நூல் பிடிப்பதும் இதே கணக்குதான்: எதிர்ப்பக்கங்கள் சமமாக இருந்து இரு மூலைவிட்டங்களும் சமமானால் அது செவ்வகம், இல்லையேல் வெறும் இணைகரம்.