ஷா, மாத், செக்கிங் டேபிள்

பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். ஞாயிறுதோறும் செஸ் வகுப்புக்குப் போகும் அவருடைய மகள், "செக்மேட்ல வர்ற 'மேட்'டுக்கு என்னம்மா அர்த்தம்? கிளாஸ்மேட்னு சொல்றோமே, அந்த மேட்டா?" என்று கேட்டாளாம். அருமையான கேள்வி. அந்த மேட் வேறு, இந்த மேட் வேறு. இது பாரசீகத்திலிருந்து வந்தது.

நம் நாட்டிலிருந்து போன சதுரங்கம் பாரசீகத்தில் 'சத்ரங்' ஆயிற்று. ஏழாம் நூற்றாண்டில் அந்த நாட்டைப் பிடித்த அரபியர் வாயில் 'ஷத்ரஞ்ச்' ஆயிற்று. ராஜாவுக்குப் பாரசீகத்தில் ஷா என்று பெயர். ராஜாவைத் தாக்கும் இடத்தில் காயை வைத்தால், "ஷா!" என்று குரல் கொடுத்து எதிராளியை உஷார்ப்படுத்துவார்கள். தப்பிக்க எந்த வழியும் இல்லையென்றால் அது "ஷா மாத்".

இந்த 'மாத்' பற்றித்தான் தவறான விளக்கம் ஒன்று பரவிக் கிடக்கிறது. அரபியில் 'மாத்த' என்றால் இறந்தான். ஆகவே 'ராஜா செத்தார்' என்பதுதான் பொருள் என்று பல புத்தகங்களில் பார்க்கலாம்; பயிற்சி வகுப்புகளிலும் அப்படியே சொல்லிக்கொடுக்கிறார்கள். பாரசீக மாத்துக்கோ திகைத்து நிற்பது, செய்வதறியாமல் போவது என்று பொருள். இன்றைய சொல்லாய்வாளர்கள் பலர் இதைத்தான் ஏற்கிறார்கள். ஆட்டமும் அதற்குச் சாட்சி சொல்கிறது. யானை, குதிரை, மந்திரி, ராணி எல்லாம் வெட்டுப்பட்டுப் பலகையை விட்டுப் போகும். ராஜா மட்டும் வெட்டுப்படுவதே இல்லை. அவர் அகப்பட்டுக்கொண்ட அந்த நொடியிலேயே ஆட்டம் முடிந்துவிடும். தோற்றவருடைய ராஜா பலகையில் நின்றுகொண்டேதான் இருப்பார்.

பெரிய ஆட்டக்காரர்கள் அதுவரைகூடக் காத்திருப்பதில்லை. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நம் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனாரே, அன்றைக்கும் பலகையில் மேட் விழவில்லை. பதினான்காவது ஆட்டத்தின் 55ஆவது நகர்வில் எதிர்த்து ஆடிய டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்துக்குக் கொண்டுபோனார். 58ஆவது நகர்வோடு தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுத்தார்.

நீடாமங்கலம் பக்கம் திருப்பூவனூரில் சுவாமியின் பெயரே சதுரங்க வல்லபநாதர். முதியவராக வந்து, சதுரங்கத்தில் யாருக்கும் தோற்காத அரசன் மகளை வென்று, அவளையே மணந்தார் என்பது தலபுராணம். அந்தக் கதையிலும் தோல்விக்குப் பிறகு வருவது சாவு அல்ல, கல்யாணம்.

மாத்தைவிட ஷா போன வழிதான் என்னை ரொம்ப நாளாகப் பிடித்து வைத்திருக்கிறது. பாரசீக ஷா, அரபி வழியாக ஐரோப்பாவுக்குப் போய், லத்தீனிலும் பழைய பிரெஞ்சிலும் உருமாறி, ஆங்கிலத்தில் 'செக்' ஆயிற்று. சதுரங்கப் பலகைக்கு லத்தீனில் 'ஸ்கக்காரியம்' என்று பெயர். பன்னிரண்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசாங்க வரவுசெலவைச் சரிபார்த்த மேசைக்கும் இதே பெயர்தான். அரசருடைய பொருளாளர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் அந்த மேசையை அளவோடு எழுதி வைத்திருக்கிறார். பத்தடி நீளம், ஐந்தடி அகலம், சுற்றிலும் நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு. மேலே ஒரு துணி விரிப்பார்கள். கறுப்புத் துணி, ஓர் அடிக்கு ஒன்று அல்லது ஒரு சாணுக்கு ஒன்று என்று அதில் கோடுகள். வரி வசூலித்த அதிகாரி ஒரு பக்கம், பொருளாளர் எதிர்ப்பக்கம் உட்கார, கட்டங்களில் காய்களை வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். சதுரங்கத்தில் இரண்டு ராஜாக்கள் மோதுவதுபோல இங்கே இவர்கள் இருவரும் மோதுகிறார்கள் என்று ஃபிட்ஸ்நீலே எழுதுகிறார். பிரிட்டிஷ் நிதியமைச்சரின் பதவிப் பெயரில் 'எக்ஸ்செக்கர்' என்று அந்த மேசை இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கட்டம் போட்ட பலகையிலிருந்துதான் நாம் கட்டம் போட்ட துணியைச் 'செக்ஸ்' என்கிறோம். ராஜாவைத் தடுத்து நிறுத்தும் செக், எதையும் நிறுத்திச் சரிபார்க்கும் செக் ஆயிற்று. மோசடி நடக்காமல் சரிபார்க்க வைத்திருந்த அடிக்கட்டையின் பெயர் பேங்க் செக்குக்கு வந்தது. ஆக, ஜாப் ஒர்க் கொடுத்தவர் நீட்டுகிற பின்தேதியிட்ட செக்கிலும், வாசகி உட்கார்ந்திருக்கும் செக்கிங் டேபிளிலும் இருப்பது அந்தப் பாரசீக ராஜாதான்.

'செக்' வேறு, 'செக்மேட்' வேறு என்பதை மட்டும் நாம் மறந்துவிட்டோம். 'அமைச்சருக்கு செக்', 'அமைச்சருக்கு செக்மேட்' என்று இரண்டையும் ஒன்றாகவே தலைப்புப் போடுகிறார்கள். செக் என்பது எச்சரிக்கை. அதைக் கேட்டதும் மூன்று வழிகளில் ஒன்றைத் தேடலாம்: ராஜாவை நகர்த்தலாம், நடுவே ஒரு காயை வைத்து மறைக்கலாம், தாக்குகிற காயை வெட்டலாம். மூன்றும் இல்லாதபோதுதான் மேட். செக்கைக் கேட்டும் கேளாததுபோல் வேறு எதையோ நகர்த்த விதியில் இடமே இல்லை.

நம்மூர்ப் பனியன் கம்பெனிகளில் அந்த இடம் தாராளமாக இருக்கிறது. டியூப்லைட் வெளிச்சத்தில் பீஸை விரித்து, கழுத்துப்பட்டியை இழுத்துப் பார்த்து, உள்பக்கம் திருப்பித் தையலை விரலால் தடவி, எண்ணெய்க் கறை இருந்தால் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கி வைக்கிறார் ஓர் அம்மா. ஒரே இடத்தில் தையல் விட்ட பீஸ் வரிசையாக வருகிறது என்று முதலில் கண்டுபிடிப்பவர் அவர்தான். பேட்லாக் மெஷினில் கோளாறு என்று அப்போதே சொல்கிறார். ஷிப்மென்ட் நெருக்கடி. "அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம், பாக்ஸைக் கட்டுங்க" என்கிறார்கள். பையர் சரக்கைத் திருப்பி அனுப்பும்போது, முதலில் திட்டு வாங்குவதும் அவர்தான். நான் பார்த்தவரை, டெய்லரைவிடக் குறைந்த கூலி வாங்குவது செக்கிங் டேபிள். கொடுத்த குரலுக்கு மதிப்பும் அங்கேதான் குறைவு.

அந்த டேபிளுக்கு நல்ல வெளிச்சமும், முதுகு சாய நாற்காலியும், டெய்லருக்கு நிகரான கூலியும் வேண்டும். ஒரே பழுது மூன்றாவது பீஸிலும் வந்தால், மேனேஜரைக் கேட்காமலே அந்த மெஷினை நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தையும் அவர்கள் கையில் கொடுக்கலாம்.